"அந்த வருத்தம்" எண்டு இன்னும் எவ்வளவு காலத்துக்குச் சொல்லுறது?

எங்கட ஊர்களில ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் அதை அந்தப் பேரால் சொல்வது குறைவு. "அவவுக்கு அந்த வருத்தமாம்" என்பார்கள். இல்லாவிட்டால் ஒரு ஊரின் பேரைச் சொல்லுவார்கள். "மகரகமவுக்குக் கொண்டு போயிட்டினமாம்", இப்ப எண்டால் "தெல்லிப்பழைக்குப் போய் வாறாவாம்". அவ்வளவுதான், கேட்கிறவருக்கு விளங்கிவிடும்.

மார்பகப் புற்றுநோய் என்றால் சிக்கல் இரண்டு மடங்கு. நோயின் பேரும் வாயில வராது, உறுப்பின் பேரும் வாயில வராது. "நெஞ்சில ஒரு கட்டியாம்" என்று இழுத்து, அதோட கதையை மாத்திவிடுவார்கள்.

இலங்கைப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலாமிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய்தான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022 இல் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 23 இலட்சம் பெண்களுக்கு இது கண்டுபிடிக்கப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதே நேரம், நேரத்தோட பிடிபட்டால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோயும் இதுதான். அப்படியான ஒரு நோயைப் பேர் சொல்லாமல் மூடி வைத்திருப்பதை வெறும் கூச்சம் என்று விட்டுவிட ஏலாது. அந்தக் கூச்சத்துக்குள்ள மாதக்கணக்கு போகிறது.

ஒவ்வொரு ஒக்டோபரும் பிங்க் ரீசேட், பிங்க் ரிபன், ஒரு நடைபவனி, கடைசியில ஒரு குரூப் போட்டோ. நடைபவனியை நான் கேலி செய்யவில்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையே நடந்து கட்டினதுதான். 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் 27 நாட்கள், ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த காசில் எழும்பின கட்டிடம் அது. என்ர பிரச்சினை வேறை. "உங்களை நீங்களே பரிசோதியுங்கள்" என்ற ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு, மிச்சப் பொறுப்பு முழுவதையும் அந்தப் பெண்ணின் தலையில வைத்துவிட்டுப் போகிறோம். அவளிடம் இருக்கிற கேள்விகளுக்கு யாரும் நின்று பதில் சொல்வதில்லை.

அந்தக் கேள்விகள் இரண்டு வகை. சத்தமாய்க் கேட்பது ஒன்று. எல்லாரும் போன பிறகு மெதுவாய்க் கேட்பது மற்றது.

சத்தமாய்க் கேட்பவை

இறுக்கமான பிரா போட்டால் வருமா? ரோல் ஒன், ஸ்பிரே அடித்தால் வருமா? போனை நெஞ்சோட வைத்திருந்தால் வருமா? இவை எதுவும் மார்பகப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அடிபட்ட இடத்தில வருமா? அதுவும் இல்லை. அடிபட்ட பிறகு அந்த இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, முதலே இருந்த கட்டி கையில் தட்டுப்படும். ஆட்கள் அடியிலதான் வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

"எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லை" என்பது அடுத்தது. நூற்றில் 5 முதல் 10 வரையானவைதான் பரம்பரையாக வருகிற மரபணு மாற்றத்தால் ஏற்படுகின்றன. பெண்ணாகப் பிறந்ததும் வயது போவதும் தவிர வேறெந்த ஆபத்துக் காரணியும் இல்லாத பெண்களுக்குத்தான் ஏறக்குறைய பாதி மார்பகப் புற்றுநோய்கள் வருகின்றன. ஆண்களுக்கும் வரும், நூற்றில் ஒன்றோ அதற்கும் குறைவோ.

"நான் மூண்டு பிள்ளைக்கும் பால் குடுத்தனான், எனக்கு வராது." பால் கொடுப்பது உண்மையிலேயே நல்லது. மொத்தமாக 12 மாதம் பால் கொடுத்தால் ஆபத்து ஏறக்குறைய 4 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். குறையும், அவ்வளவுதான். வரவே வராது என்று அதுக்கு அர்த்தம் இல்லை. பிள்ளை பெறாத பெண்ணைப் பார்த்து "அதுதான் வந்தது" என்று சொல்லுகிற வாய்களுக்கும் இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் எங்கட ஊரிலேயே ஆபத்தான வசனம் "நோகேல்லைத்தானே" என்பதுதான். நோகாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேணும். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. மாதவிடாய்க்கு முதல் வருகிற நோவு பெரும்பாலும் ஹோர்மோன் விசயம். நோ வந்தால் ஓடிப்போய்க் காட்டுகிறோம், நோகாவிட்டால் அடுத்த வருசம் பார்ப்பம் என்று விடுகிறோம். நாங்கள் தலைகீழாய் நடக்கிறோம்.

இருபதுகளில் இருக்கிற தங்கச்சிமாருக்கு ஒன்று. உங்கட வயதில் கையில் தட்டுப்படுகிற கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. பிடித்தால் வழுக்கி ஓடுகிற பைப்ரோஅடினோமா என்ற தீங்கில்லாத கட்டிதான் இந்த வயதில் அதிகம். அதற்காகக் கூகிளில் பார்த்து நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம். கையால் பரிசோதிப்பது, ஸ்கான், தேவைப்பட்டால் ஊசியால் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பது என்று மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாய் இருப்பதால் மெமோகிராமை விட அல்ட்ராசவுண்ட் ஸ்கான்தான் முதலில் செய்வார்கள்.

"ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பயப்படுகிற ஆட்கள் இன்னும் நிறைய. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முற்றின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஒப்பரேசன் நடக்கிறது. நோய் ஏற்கெனவே உடம்பில் வேறு இடங்களுக்குப் போயிருக்கும், ஆள் தப்புவதில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு "வெட்டினாப் பிறகுதான் செத்தவ" என்பது மட்டும்தான் ஞாபகம். பிந்திப் போனதுக்குப் பழியைக் கத்தி சுமக்கிறது.

"மார்பை முழுசா எடுத்துப் போடுவினமோ?" எல்லாருக்கும் இல்லை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்ச்சிகிச்சை கொடுத்த பெண்களும் முழு மார்பையும் எடுத்த பெண்களும் ஒரே அளவில்தான் உயிர் தப்பினார்கள் என்பதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 வருடம் பின்தொடர்ந்த இரண்டு ஆய்வுகள் 2002 இல் காட்டின. ஆனால் அந்தத் தெரிவு கட்டி சின்னனாய் இருக்கும்போதுதான் சுலபம். மார்பை இழக்கிற பயத்தில் ஒளிக்கிற பெண்தான் கடைசியில் அதை இழக்க வேண்டி வருகிறது.

சுயபரிசோதனை பற்றி

இதையும் நேர்மையாய்க் கதைக்க வேணும். சீனாவின் ஷாங்காயில் நெசவாலைகளில் வேலை செய்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். சுயபரிசோதனை கற்றுக்கொண்ட பெண்களிடம் இறப்பு குறையவில்லை. 2002 இல் வந்த முடிவு அது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் பரிசோதிப்பது வேறு கதை. மும்பைச் சேரிகளில் ஒன்றரை இலட்சம் பெண்களை 20 வருடம் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அப்படிப் பரிசோதிக்கப்பட்ட பெண்களில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த நோயால் வருகிற இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 2021 இல் வெளிவந்தது. அந்தப் பரிசோதனையைச் செய்தது பெரிய டொக்டர்மாரும் இல்லை, மெசினும் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணப் பெண் பணியாளர்கள்.

அப்ப சுயபரிசோதனை வேண்டாமா? வேணும். உங்கட உடம்பு வழமையாய் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மாற்றம் தெரியும். புதுக் கட்டி, தோல் குழி விழுவது அல்லது தோடம்பழத் தோல் மாதிரித் தடிப்பது, முலைக்காம்பு புதிதாய் உள்ளே இழுபடுவது, அதிலிருந்து இரத்தம் வடிவது, கக்கத்தில் கட்டி. மாதவிடாய் முடிந்து சில நாட்களில் பார்த்தால் போதும். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு திகதியைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். 20 வயதிலிருந்து 40 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், 40 க்குப் பிறகு வருடம் ஒருமுறையும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்ட வேணும் என்பதுதான் எங்கட நாட்டில் சொல்லப்படுகிற ஆலோசனை.

எங்கே காட்டுவது? 1996 இலிருந்து எங்கட நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கீழே, காசில்லாமல், மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை, பிரசர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். 35 வயதையும் 45 வயதையும் முக்கியமாய்க் குறிவைக்கிறார்கள். உங்கட பகுதி மிட்வைஃபைக் கேட்டால் எந்த நாள் என்று சொல்லுவா.

மெதுவாய்க் கேட்பவை

இவ்வளவு வசதி இருந்தும் ஏன் பிந்துகிறது? பதில் இரண்டாவது வகைக் கேள்விகளில் இருக்கிறது.

"ஆம்பிளை டொக்டரோ பாப்பார்?" சுகவனிதையர் கிளினிக்கில் மிட்வைஃப் அக்காமார் இருப்பார்கள். ஆஸ்பத்திரியிலும் ஒரு பெண் பணியாளர் பக்கத்தில் நிற்க வேணும் என்று கேட்கலாம். கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை.

"எனக்கெண்டு தெரிஞ்சால் மகளுக்கு ஆர் கலியாணம் பேசி வருவினம்?" கேட்கவே வயிறு எரிகிற கேள்வி, ஆனால் ஒரு தாய்க்கு இது நிசமான கணக்கு. மரபணுவால் வருவது மிகச் சிறு பங்கு என்று மேலே சொன்னேன். அந்தச் சிறு பங்கிலும் மரபணு அப்பா வழியாகவும் அதே அளவில்தான் வரும். இருந்தும் சம்பந்தம் பேச வருகிற ஆட்கள் அம்மாவின் வருத்தத்தை மட்டும்தான் விசாரிப்பார்கள். இந்தக் கேள்வியை இல்லாமல் ஆக்கக்கூடியது கலியாணம் கட்டப்போகிற எங்கட தலைமுறைதான். "அந்தக் குடும்பத்தில அந்த வருத்தம் இருக்கு" என்று வீட்டில் கதை எழும்பும்போது, அங்கேயே மறுத்துக் கதைக்க வேண்டியது நாங்கள்.

"நான் கட்டேல்லை, அங்க போகலாமோ?" போருக்குப் பிறகு எங்கட பக்கத்தில் கலியாணம் கட்டாமல் வாழ்கிற அக்காமார் எத்தனை பேர். அவர்களுக்கு அந்தக் கிளினிக் என்றால் பிள்ளைத்தாச்சிகளும் கட்டின ஆட்களும் போகிற இடம். வாசலில் கண்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வேறு. மார்பகப் பரிசோதனைக்குக் கலியாணம் தேவையில்லை. இதை அறிவித்தல் பலகையில் பெரிய எழுத்தில் போட வேணும். பெரும்பாலும் வேலைநாள் காலையில் நடக்கிற கிளினிக்கை மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது வைக்கலாமே. கடையிலும் கார்மெண்ட்ஸிலும் நாள் சம்பளத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு ஒரு காலை என்பது ஒரு நாள் சாப்பாடு.

"காசு?" அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். உண்மை. ஆனால் பஸ் காசு இலவசம் இல்லை. வரிசை நீளம் என்று வெளியில் எடுக்கிற ஸ்கான் இலவசம் இல்லை. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வெளியில் வாங்கி வா என்று எழுதிக் கொடுத்த துண்டுகளை எத்தனையோ வீடுகள் மறக்கவில்லை. கதிர்ச்சிகிச்சைக்குக் கிழமைக் கணக்கில், வேலைநாட்களில் நாளாந்தம் போக வேணும். வன்னியில் உள்ளூர்ச் சந்தியில் பஸ்சுக்கு நிற்கிற அம்மாவுக்கு அது எத்தனை விடியல்? மகரகமவுக்கு அனுப்பினால் தங்க இடம் வேணும், மொழி தெரிந்த ஒருவர் கூட வேணும்.

உலக சுகாதார ஸ்தாபனம் இந்த நோய்க்கு மூன்று இலக்கங்களைச் சொல்கிறது: 60, 60, 80. நூற்றில் 60 க்கு மேற்பட்டவர்களுக்கு ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடிக்க வேணும். முதல் காட்டி 60 நாட்களுக்குள் நோய் என்னவென்று முடிவு தெரிய வேணும். நூற்றில் 80 பேராவது சிகிச்சையை முழுசாய் முடிக்க வேணும். மூன்றையும் பாருங்கள். ஒன்றாவது ஒரு பெண் தனியே கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்து முடிக்கக்கூடிய காரியமா? வீடு, பஸ், கிளினிக், ஆய்வுகூடம் எல்லாம் சேர்ந்தால்தான் அந்த 60 நாள் சாத்தியம். ஆகவே "பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆட்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல அவளுக்கு ஒரு ஆளும், போய்வர ஒரு வழியும்தான் இல்லை.

கிளினிக் நேரத்தையும் மருந்தையும் நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேணும். அது நீண்ட வேலை. வீட்டில் செய்யக்கூடியது இந்தக் கிழமையே செய்யலாம். அம்மாவிடம், பெரியம்மாவிடம், கட்டாமல் இருக்கிற மாமியிடம், "கடைசியா எப்ப மார்பைக் காட்டினனீங்கள்?" என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் ஏசுவார்கள். தம்பிமாரே, இது அக்காமாரின் வேலை என்று நழுவ வேண்டாம். வீட்டில் மோட்டச்சைக்கிள் உங்களிடம்தானே இருக்கிறது. கிளினிக் நாளைக் கேட்டு, ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, முடியும்வரை வெளியில் நில்லுங்கள். சோதனை முடிவு எடுக்கிற திகதியை உங்கட போனில் குறித்து வையுங்கள். அந்தத் திகதியிலும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.