வாளுக்குப் பதிவு உண்டு, பிடிப்பவருக்குப் பயிற்சி எங்கே?

மழை தொடங்கினால் கொழும்பின் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் செயின் சோ சத்தமும் தொடங்கிவிடும். மதிலை முட்டி நிற்கும் மாமரம், கூரைக்கு மேலே சாய்ந்த தென்னை, தொடர்மாடி எழும்பப்போகும் காணியில் மிஞ்சிய வேம்பு, எதுவானாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் ஆட்கள் வந்துவிடுவார்கள். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் இதுதான் நடக்கிறது. வருகிறவர்களுக்கு அந்த இயந்திரத்தைப் பிடிக்க யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்பவர் எவரும் இல்லை.

கொழும்பு மக்கள் மரத்துக்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு. 2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி காலை கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் மீது பெருமரமொன்று விழுந்து ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு நகரத்தின் ஆபத்தான மரங்கள் பற்றிய பேச்சு எழுந்தது. வீட்டுக்காரர்களும் தங்கள் முற்றத்து மரத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்கள். மரத்தால் வரும் ஆபத்தைப் பார்த்த நாம், அதை வெட்ட ஏறுகிறவருக்கு வரும் ஆபத்தைப் பார்க்கவில்லை.

எந்த ஒழுங்கையிலும் காணக்கூடிய காட்சி இது. மடித்துக் கட்டிய சாரம், காலில் ரப்பர் செருப்பு அல்லது வெறுங்கால். இடுப்பில் ஒரு நைலோன் கயிறு. ஒரு கை கிளையைப் பிடித்திருக்க, மற்றக் கையில் ஓடுகிற செயின் சோ. கீழே கயிறு இழுக்கும் பையனுக்குத் தலைக்கவசம் இல்லை. இரண்டடி தள்ளி மின்சாரக் கம்பி. ஒழுங்கையின் அந்தப் பக்கத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள்.

முழு வேகத்தில் அந்தச் சங்கிலி செக்கனுக்கு இருபது மீற்றர் அளவில் ஓடும். சங்கிலி சுற்றி ஓடும் இரும்புச் சட்டத்தின் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் துள்ளும். அதனால்தான் இரண்டு கைகளாலும் பிடிக்கவேண்டும், தோளுக்கு மேலே உயர்த்தி வெட்டக்கூடாது, சங்கிலியை நிறுத்தும் பிரேக் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்கிறார்கள். வெட்டுப்பட்டால் நூல்கள் சிக்கிச் சங்கிலியையே நிறுத்திவிடும் விசேட காற்சட்டைகளும் உண்டு. இவற்றையெல்லாம் ஒருவர் முறையான பயிற்சியில் கற்கலாம். இல்லாவிட்டால் காயப்பட்டுத்தான் கற்கவேண்டும்.

நமது அரசாங்கங்கள் இந்த இயந்திரத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. இயந்திர வாள் வைத்திருப்போர் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் பதிவுசெய்யவேண்டும் என்று 2018 இல் அறிவித்தார்கள். 2019 ஜூனில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, காடழிப்பைத் தடுக்க இயந்திர வாள்களையே தடைசெய்யப்போவதாகச் சொன்னார். 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பலாவையும் ஈரப்பலாவையும் வெட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். இவை எல்லாமே மரத்தைக் காக்க வந்தவை. அது நல்ல நோக்கம். ஆனால் பதிவுப் புத்தகம் இயந்திரம் யாரிடம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அதைப் பிடிக்கிறவருக்குக் கையாளத் தெரியுமா என்று சொல்லாது. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குள் இருக்கும் இயந்திரத்துக்கானது; வீட்டு முற்றத்தில் மரமேறுகிறவரை அது எட்டுவதில்லை.

பிலிப்பைன்ஸ் 2002 இலேயே செயின் சோவுக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்து பதிவைக் கட்டாயமாக்கியது. அதுவும் காட்டைக் காப்பதற்காகவே. பிரிட்டனில் தொழிலுக்காக அதைப் பயன்படுத்துகிறவர் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்று 1998 ஆம் ஆண்டின் வேலைக்கருவி விதிகள் சொல்கின்றன. நமக்குப் பதிவும் பயிற்சியும் இரண்டும் வேண்டும். ஓட்டோ ஓட்டுவதற்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்கும் நாடு, கூலிக்குச் செயின் சோ பிடிப்பவரிடம் ஒரு பயிற்சிச் சான்றிதழைக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் இது ஏழையின் வயிற்றில் அடிக்கும் இன்னொரு கட்டுப்பாடாக மாறிவிடக்கூடாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாட்கூலிக்காரர்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. ஆகவே பயிற்சி இலவசமாக இருக்கவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் நடக்கவேண்டும். பயிற்சி நாட்களுக்குக் கூலியும் கிடைக்கவேண்டும். பல வருட அனுபவம் உள்ளவர்களுக்குச் செயல்முறைத் தேர்வு மட்டும் வைத்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையும் கொழும்பு மாநகர சபையும் சேர்ந்தால் இது பெரிய காரியமல்ல. செயின் சோ விற்கும், வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் சான்றிதழைப் பார்த்த பிறகே கொடுக்கவேண்டும். தலைக்கவசம், கண்ணாடி, காதுக்கவசம், சப்பாத்து ஆகியவற்றை வட்டாரந்தோறும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கச் செய்யவேண்டும். கம்பிக்கு அருகிலுள்ள மரம் என்றால் மின்சார சபைக்கு அறிவித்து மின்சாரத்தைத் துண்டித்த பிறகே வெட்டவேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. "ஆயிரம் ரூபா குறைச்சுச் செய்யுங்கோ தம்பி" என்று பேரம் பேசும்போது, கீழே கயிறு பிடிக்கும் இரண்டாவது ஆளையும் கவசத்தையும்தான் நாம் குறைக்கிறோம். அடுத்தமுறை மரம் வெட்ட ஆள் கூப்பிட்டால், விலையைக் கேட்பதற்கு முன் தலைக்கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள். உங்கள் மாநகர சபை உறுப்பினரிடம் இந்தப் பயிற்சித் திட்டத்தைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு தொகையை ஒதுக்குவது மாநகர சபையின் கடமை.