ஒன்பது வயதில் ஒரு தேர்வு

தொடக்கநிலை 3இல் படித்தபோது ஆகஸ்ட் மாதத்தில் எழுதிய ஒரு தேர்வு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆங்கிலம், கணிதம் என்று இரண்டு தாள்கள். வகுப்பில் பார்த்தே இராத வகையில் சில கேள்விகள். அதில் மிக நன்றாகச் செய்தவர்களுக்கு மட்டும் பிறகு ஒரு கடிதம் வந்திருக்கும். அவர்கள் அக்டோபரில் இரண்டாம் கட்டத் தேர்வுக்குச் சென்றிருப்பார்கள். மற்றவர்கள் தேர்வு முடிந்த அன்று மாலையே அதை மறந்துவிட்டு விளையாடப் போயிருக்கலாம். ஆனால், சில வீடுகளில் அந்தத் தேர்வு தொடக்கநிலை 1இலேயே தொடங்கிவிடுகிறது.

சிங்கப்பூரில் மீத்திறன் கல்வித் திட்டம் 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. விரைவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு வழக்கமான பாடம் போதாது, அவர்களுடைய சிந்தனைக்குத் தீனி போடும் வேறு வகைக் கல்வி தேவை என்பதே அதன் அடிப்படை எண்ணம். ஒரே வயது மாணவர்களில் ஏறக்குறைய 1 விழுக்காட்டினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் ஒன்பது தொடக்கப்பள்ளிகளில், தொடக்கநிலை 4 முதல் 6 வரை, தனி வகுப்புகளில் படித்தனர். தம் பள்ளியில் இத்திட்டம் இல்லாதவர்கள் வேறு பள்ளிக்கு மாற வேண்டியிருந்தது. அந்த ஒன்பதில் நான்கு, சீனத்தை மட்டுமே தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். ஆகவே, தமிழ் படிக்கும் பிள்ளைக்குத் தெரிவு இன்னும் குறைவு.

இத்தேர்வுக்காகப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்த வேண்டாம் என்று கல்வி அமைச்சு பெற்றோருக்குத் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறது. காரணம் எளிது. பிள்ளையிடம் இயல்பாக இருக்கும் ஆற்றலை அறிவதற்காக வைக்கப்படும் தேர்வு அது. பழகிப் பழகி அதில் மதிப்பெண்ணை உயர்த்துவது, வெப்பமானியை வெந்நீரில் நனைத்துவிட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வதைப் போன்றது. அப்படி உள்ளே நுழையும் பிள்ளை பிறகு அந்த வகுப்பின் வேகத்தோடு மூன்று ஆண்டுகள் ஓட வேண்டும். ஆனாலும், துணைப்பாட நிலையங்கள் இதற்கென்றே வகுப்பு நடத்துகின்றன. கடைகளில் ‘பொது ஆற்றல்’ பயிற்சி நூல்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன.

அவற்றில் ஒன்றை நானும் வாங்கினேன். பாடத்திட்டம் தயாரிக்கும் பணியில் இருப்பவள் நான். “பயிற்சி வேண்டாம்” என்று பெற்றோரிடம் சொல்லும் வேலையும் எனக்கு இருந்தது. ஆனால், என் மகளுக்கு இரண்டாம் கட்டத் தேர்வுக்கான கடிதம் வந்தபோது, அன்று மாலையே பிராஸ் பசாவுக்குப் போய் அந்த நூலை வாங்கி வந்தேன். கணவரிடம், “சும்மா பார்க்கத்தான்” என்றேன். தேர்வு நாள்வரை ஒவ்வொரு மாலையும் அவள் வடிவங்களையும் எண் தொடர்களையும் செய்து பார்த்தாள். தவறு செய்த கேள்விகளை மறுநாள் மீண்டும் செய்தாள்.

அதற்கு முன்பு அவளுடைய மாலை நேரம் வேறு மாதிரி இருந்தது. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் பெரிய மரத்தில் பொழுது சாயும்போது மைனாக்கள் கூட்டமாக வந்து அடையும். காது வலிக்கும் அளவுக்குச் சத்தம் போடும். முதல் கூட்டம் எத்தனை மணிக்கு வருகிறது, மழை பெய்த நாளில் சீக்கிரம் வருகிறதா, தாமதமாக வருகிறதா என்று அவள் தாழ்வாரத்தில் நின்றபடி ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மேகமூட்டமான நாள்களில் அவை முன்கூட்டியே வருகின்றன என்று ஒருநாள் அவளே சொன்னாள். அது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பயிற்சி நூல் வந்த மாலையோடு அந்த நோட்டுப்புத்தகம் நின்றுபோனது.

அவள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அதைப் பற்றி அவள் அதிகம் வருந்தியதாகவும் தெரியவில்லை. டிசம்பர் விடுமுறையில், “மைனாக் கணக்கை மறுபடியும் எழுதலாமே” என்று நான் சொன்னேன். “அதுக்கு மார்க் இருக்காம்மா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

இனி வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். மீத்திறன் வகுப்பு என்றாலே மூட்டை மூட்டையாக வீட்டுப்பாடம் இருக்கும் என்ற பேச்சு பெற்றோரிடையே உண்டு. வேலை அங்கு அதிகம்தான். ஆனால், அந்தத் திட்டத்தின் நோக்கம் அளவைக் கூட்டுவதன்று, ஆழத்தைக் கூட்டுவது. தொடக்கநிலை 5இல் மாணவர் தாமே ஒரு தலைப்பைத் தேர்ந்து தனியாக ஆய்வு செய்வதற்கு அதில் இடம் இருந்தது. வழக்கமான வகுப்புகளில் பல வேளைகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. பத்துக் கணக்குகளை முதலில் முடித்த பிள்ளையிடம் இன்னும் பத்துக் கணக்குகளைக் கொடுக்கிறோம். விரைவாக முடித்ததற்குக் கிடைத்த தண்டனை போல அது அமைந்துவிடுகிறது. அடுத்த முறை அந்தப் பிள்ளை மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்கிறது.

அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி கொடுத்துப் பார்க்கலாம். ஓர் எம்ஆர்டி நிலையத்தில் எத்தனை மின்படிகள் வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது? இதற்கு நூலின் பின்பக்கத்தில் விடை இல்லை. ஒரு மின்படி ஒரு நிமிடத்தில் எத்தனை பேரை ஏற்றிச் செல்கிறது என்று நின்று எண்ண வேண்டும். காலை எட்டு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். தள்ளுவண்டியோடு வருபவரையும் சக்கரநாற்காலியில் வருபவரையும் யோசிக்க வேண்டும். இக்கேள்விக்கு மீத்திறன் முத்திரை எதுவும் தேவையில்லை. உங்கள் வகுப்பில் யாரும் முயன்று பார்க்கலாம்.

ஆனால், இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. இப்படிப்பட்ட வேலையை வீட்டுக்கு அனுப்பினால், சில வீடுகளில் அதைச் செய்வது பெற்றோர்தான். தொடக்கநிலை மாணவரின் திட்டப்பணி பளபளக்கும் வண்ணப் படங்களுடன், பிழையே இல்லாமல் வருவதை ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள். இரவுப்பணிக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளையோ, மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து ஏழு மணிக்கு வீடு திரும்பி, தனியாக உட்கார்ந்து ஒரு தாளில் பென்சிலால் வரைகிறது. எது யாருடைய சிந்தனை என்பதை மதிப்பெண் சொல்வதில்லை. பயிற்சித் தாளிலாவது எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே விடை என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன். ஆகையால்தான், ஆழமான வேலை பெரும்பாலும் பள்ளியிலேயே, ஆசிரியரின் கண்முன்னே நடக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

2024ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், இத்திட்டம் இப்போதுள்ள வடிவில் தொடராது என்று அறிவித்தார். அவ்வாண்டு தொடக்கநிலை 1இல் சேர்ந்தவர்களிடமிருந்து புதிய முறை தொடங்குகிறது. இரண்டு கட்டத் தேர்வு ஒரே கட்டமாகிறது. அதோடு ஆசிரியர்கள் அன்றாடம் வகுப்பில் காண்பதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். மாணவர் தம் பள்ளியிலேயே இருந்தபடி கூடுதல் கல்வியைப் பெறலாம். இன்னும் சவால் தேவைப்படுவோர் பள்ளி முடிந்தபின் அருகிலுள்ள வேறொரு பள்ளியில் சிறப்பு வகுப்புக்குச் செல்லலாம். இவற்றால் பயன்பெறும் மாணவர் ஏறக்குறைய 7 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு உயர வேண்டும் என்பது இலக்கு.

இதை நான் வரவேற்கிறேன். ஒன்பது வயதில் ஒருநாள் காய்ச்சலோடு தேர்வெழுதிய பிள்ளைக்கு அடுத்த ஆண்டும் வாய்ப்பு இருக்கும். நண்பர்களை விட்டுப் பிரிய வேண்டாம். ஆனால், வாசலை அகலமாக்கினால் நெரிசல் தானாகக் குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. முன்பு, ‘ஒரு விழுக்காடுதானே, நம் பிள்ளைக்கு எங்கே’ என்று விட்டுவிட்ட பெற்றோர்கூட இப்போது, ‘பத்து விழுக்காடு என்றால் முயன்று பார்க்கலாமே’ என்று துணைப்பாட நிலையத்தின் கதவைத் தட்டக்கூடும். ஒரு கட்டத் தேர்வுக்கும் பயிற்சி நூல் அச்சிட முடியும்.

எனவே, பள்ளிகளிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். சிறப்பு வகுப்புக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் மாணவருக்கு அன்று வேறு வீட்டுப்பாடம் தர வேண்டாம். அந்த வகுப்பில் செய்யும் வேலைக்கு மதிப்பெண்ணும் வேண்டாம். மதிப்பெண் இல்லையென்றால் பிள்ளைகள் உழைக்கமாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். மைனாக்களை எண்ணிய நாள்களில் என் மகள் ஒரு மாலையைக்கூடத் தவறவிட்டதில்லை.

உங்கள் வீட்டில் தொடக்கநிலை 1இலோ 2இலோ தம்பி தங்கை இருந்தால், இந்தத் தேர்வைப் பற்றி அவர்கள் உங்களிடம்தான் முதலில் கேட்பார்கள். அது எப்படி இருந்தது என்று உள்ளபடியே சொல்லுங்கள். பயிற்சி நூல் வாங்கலாமா என்று அம்மா அப்பா யோசித்தால், அந்தப் பிள்ளை இப்போது மாலை நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல அப்போது யாரும் இல்லை.