அடுத்த வேளை உணவு



“வாயைக் கட்ட முடியாதவன் வேறு எதைக் கட்டப்போகிறான்?” நம் சபைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. உடல் எடையைக் குறைக்க ஒருவர் தீர்மானிக்கிறார். பதினைந்து நாள் சோற்றைக் குறைக்கிறார், இனிப்பைத் தள்ளுகிறார், அதிகாலையில் எழுந்து நடக்கிறார். அதற்குள் அசனப் பண்டிகை வருகிறது. பந்தியில் அமர்ந்து, சோறும் கறியும் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிடுகிறார். கண்டவர்கள் சிரித்துக்கொண்டே இந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். வீட்டுக்குப் போய் முயற்சியைக் கைவிடுகிறார். இந்த வாரம் அந்த வாக்கியத்தோடு வழக்காட விரும்புகிறேன். அது உண்மையல்ல; அதில் இரக்கமில்லை; வேதத்தின் ஆதரவும் அதற்குக் கிடையாது.

உணவின்மேல் எழும் ஏக்கத்தை விசுவாசக் குறைவின் அடையாளமாகப் பேசுகிறவர்கள் ஓர் ஆய்வை அறிந்திருக்க வேண்டும். 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைக் கொண்டு அதை நடத்தினார். போரினால் பட்டினி கிடந்த மக்களை மீண்டும் எவ்வாறு ஊட்டி எழுப்புவது என்று அறிவதே நோக்கம். அந்த இளைஞர்கள் மனச்சாட்சியின் நிமித்தம் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். அவர்களில் பலர் சமாதானத்தைப் போதிக்கும் சபைகளைச் சேர்ந்தவர்கள். விசுவாசத்துக்காக நிந்தையைச் சகித்தவர்களுக்கு மனவுறுதி குறைவு என்று யார் சொல்லக்கூடும்? 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கத்தில் ஏறக்குறையப் பாதி உணவே கொடுக்கப்பட்டது. விளைவு என்ன? அவர்கள் சிந்தை முழுவதையும் உணவே ஆட்கொண்டது. சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கட்டுப்பாட்டை மீறி உண்டு, பின்பு குற்றவுணர்வில் வாடினார்கள். ஆய்வு முடிந்தபின் வயிறு நிறைந்தும் பசி தீராமல் தவித்தவர்களும் உண்டு.

உணவு குறையும்போது உடல் அதைப் பஞ்சமென்றே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் உயர்கிறது. போதும் என்று சொல்லும் லெப்டின் தாழ்கிறது. பஞ்ச காலத்தில் பிழைத்திருக்கும்படி தேவன் நம் சரீரத்தில் வைத்த காவல் அது. காவல்காரன் கூப்பிடுவதைக் கேட்டு, வீட்டுக்காரனைத் திருடன் என்று தீர்ப்பது நியாயமா?

அடுத்து, சறுக்கலைப் பற்றிப் பேசுவோம். பண்டிகைக்கு மறுநாள் தராசில் ஏறியவருக்கு ஒன்றரைக் கிலோ கூடியிருப்பதாகத் தெரிகிறது. “எல்லாம் போயிற்று” என்று மனம் உடைகிறார். ஆனால் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகுதியாக உண்ண வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்காது. மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் தங்குகிறது. குழம்பின் உப்பும் நீரைப் பிடித்து வைக்கிறது. தராசு காட்டியது பெரும்பாலும் தண்ணீரை. சில நாட்களில் அது வடிந்துவிடும்.

ஆகவே உண்மையான சேதம் அந்தப் பந்தியில் நேரவில்லை. அதற்குப் பிறகு வரும் நினைவிலேதான் நேருகிறது. 1975இல் ஹெர்மன், மாக் என்னும் இரு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பின்பு ஐஸ்கிரீமை முன்வைத்தபோது, ஒன்றும் குடிக்காமல் வந்த கட்டுப்பாட்டாளர்களைவிட அவர்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டு உடைந்துபோயிற்று, இனி என்ன என்கிற மனநிலை அது. முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். வாயைக் கட்ட முடியாதவன் என்ற ஏளனம் இந்த மனநிலையைத்தான் வளர்க்கிறது. ஒரு வேளைத் தவறை ஒரு மனிதனின் பெயராக மாற்றிவிட்டால், அவன் அந்தப் பெயருக்கேற்றபடியே வாழத் தொடங்குகிறான். போஜனப்பிரியன் என்ற பெயரைச் சுவிசேஷத்தில் யார்மேல் சுமத்தினார்கள் என்பதை ஏளனம் செய்கிறவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். நம்முடைய ஆண்டவர்மேல் அல்லவா?

“ஐயரவர்களே, வனாந்தரத்தில் இறைச்சியை இச்சித்த ஜனங்களைத் தேவன் வாதித்தாரே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்பு, யாத்திராகமத்தில், அதே ஜனங்கள் பசியினால் முறுமுறுத்தபோது அவர் காடையும் மன்னாவும் கொடுத்தார், வாதிக்கவில்லை. பசி அங்கே தண்டிக்கப்படவில்லை. பின்னாளில் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் பூண்டையும் நினைத்து அழுதபோது, அவர்கள் ருசியை மாத்திரம் நினைத்தார்கள். செங்கல் சுமந்த அடிமைத்தனத்தை மறந்தார்கள். கையிலிருந்த ஈவை அசட்டை செய்து, பேராசையோடு குவித்துக்கொண்டார்கள். ஏக்கம் என்பது எப்போதும் அப்படியே. சுவையை நினைவில் வைக்கும், விலையை மறைக்கும். இதை அறிந்தவன் ஏக்கத்தோடு பேசப் பழகலாம்: “நீ சொல்வது பாதிக் கதை, மீதியையும் சொல்.”

மன்னாவிலே இன்னொரு பாடமும் உண்டு. அன்றன்றைக்குரியதையே சேர்க்க வேண்டும். மறுநாளுக்கு வைத்தது புழுத்தது. ஓய்வுநாளுக்கென்று சேர்த்தது மட்டும் விலக்கு. இச்சையடக்கமும் இப்படித்தான். நேற்றைய வெற்றியை இன்றைக்குச் சேர்த்துவைக்க முடியாது. நேற்றைய தோல்வியையும் சுமந்துவர வேண்டியதில்லை. அது ஆவியின் கனிகளில் ஒன்று என்கிறோம். எந்தக் கனியாவது நட்ட மாதத்திலேயே பழுத்ததுண்டா?

பேதுருவைப் பாருங்கள். கரிநெருப்பண்டையில் குளிர்காய்ந்தபோது மூன்றுதரம் மறுதலித்தவன். ஆண்டவர் அவனைச் சீர்ப்படுத்தியதும் கரிநெருப்பண்டையில்தான். மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். முதலில் உண்ணச் செய்தார். கேள்வி அதற்குப் பின்பே வந்தது. விழுந்தவனை எழுப்ப அவர் பட்டினியைத் தெரிந்துகொள்ளவில்லை.

இதையே இன்று சறுக்கியிருக்கிற உங்களுக்குச் சொல்லுகிறேன். நேற்று அதிகம் உண்டதற்கு இன்று பட்டினி கிடக்காதீர்கள். அந்தத் தண்டனைப் பட்டினியே இரவில் அடுத்த சறுக்கலைக் கொண்டுவருகிறது. அடுத்த வேளையை வழக்கம்போல் சாப்பிடுங்கள்: காய்கறியும் பருப்பும் முட்டையோ மீனோ முதலில், சோறு அளவாக. ஏக்கம் எழும்போது பத்து நிமிடம் எழுந்து நடங்கள். அநேக நேரம் அது அலைபோல் உயர்ந்து தணியும். கலகலாவும் முந்திரிக்கொத்தும் கைக்கெட்டும் டப்பாவில் இருக்க வேண்டாம். தூக்கம் குறைந்தால் பசி மிகும். முழு இரவு ஜெபத்துக்கு மறுநாள் இதை நினைவில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்தால் போதும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், லெந்து நாட்களானாலும் மருத்துவரைக் கேளாமல் உபவாசிக்க வேண்டாம். இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். எவ்வளவு முயன்றும் எடை ஏறினால், தைராய்டு குறைபாடோ உட்கொள்ளும் மருந்தோ காரணமாயிருக்கலாம். அதையும் மருத்துவரிடம் விசாரியுங்கள்.

தராசு அசையவில்லையே என்று சோர்வோருக்கு ஓர் ஆறுதல். சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வை 2006இல் வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கனியும் கனிதான்.

கடைசியாகச் சபைக்கு. பிரசங்க மேடையில் இச்சையடக்கத்தைப் போதித்துவிட்டு, பந்தியில் ஒருவர் போதும் என்று இலையை மறைத்தபின்பும் கரண்டியைச் சாய்ப்பது அன்பாகுமா? “நம்ம வீட்டில் கை நனைக்காமல் போகலாமா” என்று நீரிழிவுள்ள சகோதரியை மூன்று வீடுகளில் கட்டாயப்படுத்துவது உபசரிப்பாகுமா? 2023இல் வெளியான தேசிய ஆய்வொன்று, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அவர்கள் நம் பந்தியிலும் அமர்ந்திருக்கிறார்கள். வருகிற அசனத்திலிருந்து மூன்றைக் கடைப்பிடிப்போம்: ஒருவர் வேண்டாமென்றால் மறுபடி வற்புறுத்தாதிருப்போம், யாருடைய உடம்பைப் பற்றியும் வாய் திறவாதிருப்போம், இலையில் காய்கறியை ஊறுகாய் அளவுக்கு வைக்காதிருப்போம்.

விழுந்தவரே, உங்களுக்கு அடுத்த வேளை இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். கர்த்தர் உங்கள் சரீரத்தையும் உள்ளத்தையும் பெலப்படுத்துவாராக. ஆமென்.