35 வயதில் பைலட் ஆகலாமா? சிரிக்காமல் கணக்குப் பார்ப்போம்



எம்மிடம் படித்த ஒரு பிள்ளை. இப்போது வயது 35, இரண்டு பிள்ளைகளின் வாப்பா, வெளிநாட்டில் தொழில். லீவில் ஊருக்கு வந்தவர், "சேர், இனி பைலட் படிக்க ஏலுமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் வாடியதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

வர்த்தக விமானி உரிமம் பெறக் குறைந்த வயது 18. இத்தனை வயதுக்குமேல் படிக்கக்கூடாது என்று சர்வதேச விதி எதுவும் இல்லை. இரண்டு விமானிகள் ஓட்டும் சர்வதேச வர்த்தக விமானங்களில் 65 வயது வரை பணியாற்றலாம். 2006க்கு முன் அது 60ஆக இருந்தது. ஆகவே 38 வயதில் தொழில் கிடைத்தாலும் 27 வருடங்கள் மிச்சம்.

ஹைதராபாத் பழைய நகரில் பேக்கரித் தொழிலாளி ஒருவரின் மகள் சையதா சல்வா பாத்திமா. பயிற்சியில் சேர்ந்தது 2007இல். உரிமம் கையில் கிடைத்தது 2013இல். பெரிய விமானம் ஓட்டும் மேற்பயிற்சிக்குப் பணமில்லாமல் நின்றபோது தெலங்கானா அரசு உதவியது. இன்று அவர் இண்டிகோ விமானி. அவரைத் தாமதப்படுத்தியது வயதல்ல, பணம்.

எமது பயமும் அதுதான். ஆசைப்படுவதில் தவறில்லை. உம்மாவின் நகையை அடகு வைத்து, காணியை வட்டிக்கு ஈடு வைத்து முழுக் கட்டணத்தையும் ஒரே நாளில் கட்டிவிடுவதுதான் ஆபத்து. உரிமம் எடுத்ததும் தொழில் நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. 20 வயதுப் பிள்ளை தோற்றால் வீட்டுக்கு வரலாம். 35இல் தோற்றால் அந்த வீடே போய்விடலாம்.

எனவே ஒழுங்காகப் போவோம். முதலில் முதலாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழ். கண், நிறம் பிரித்தறிதல், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போடுவது தடையல்ல. இதில் தவறினால் மற்றச் செலவு எதுவுமே வேண்டியதில்லை. அடுத்து இரத்மலானையில் பயிற்சி நிலையங்களை நேரில் போய்ப் பார்த்து, சான்றிதழுக்கான மொத்தச் செலவையும் எழுத்தில் கேட்க வேண்டும். பொதுவாக 200 மணித்தியாலப் பறப்பு தேவை. அங்கீகரிக்கப்பட்ட முழுப் பாடநெறியில் 150 போதும். அதன் பின்னும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி என்று செலவு தொடரும். தனியார் விமானி உரிமத்தோடு ஒரு கட்டம் முடித்து, கையைப் பார்த்து அடுத்த கட்டம் போகலாம். ஆங்கிலத்தை இன்றே தொடங்கலாம், அதற்குப் பெரிய காசு தேவையில்லை.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. கலியாணத்துக்குச் சேர்ந்து உதவுகிறோம், வீடு கட்டச் சேர்ந்து உதவுகிறோம். படிக்கத் துணிந்தவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க ஏன் ஒன்றுசேரக் கூடாது? அதுவும் முடியாவிட்டால், குறைந்தது சிரிக்காமலாவது இருப்போம்.

அந்தப் பிள்ளைக்கு எமது பதில்: ஏலும் மகன். முதலில் டொக்டரிடம் போங்க. காணி உறுதியைத் தொடாதீங்க. அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக.