15 வருட அனுபவம் இருந்தும் பதற்றம் ஏன்? ஐ.டி. இடைநிலை ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

டீம் லீட், புராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர்... ஐ.டி. துறையில் 12, 15 வருட அனுபவம் என்றால் ஒரு காலத்தில் 'ஆள் செட்டில் ஆயிட்டார்' என்று பொருள். இன்று அதே அனுபவக்காரர்களில் பலர் அப்ரைசல் மாதம் வந்தாலே பதறுகிறார்கள். வீட்டுக் கடன் பாதியில் நிற்கிறது, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஏறுகிறது, பெற்றோருக்கு மருத்துவச் செலவு கூடுகிறது. ஆனால் வேலையில் அடுத்த படி எதுவென்று தெரியவில்லை. ஏன் இந்த நிலை? மீள வழி உண்டா?

என்ன நடந்தது?

நாட்டின் மிகப்பெரிய ஐ.டி. சேவை நிறுவனமான டி.சி.எஸ், 2025 ஜூலையில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேர், அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்கள், அந்த நிதியாண்டில் விடுவிக்கப்படுவார்கள் என்பதே அது. அப்போது அங்கே சுமார் 6.13 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். பாதிப்பு பெரும்பாலும் நடு மற்றும் மேல்நிலைகளில் இருப்பவர்களுக்குத்தான் என்று சொல்லப்பட்டதுதான் பலரையும் உலுக்கியது. ஏ.ஐ. இதற்குக் காரணம் இல்லை. சிலரின் திறன் இன்றைய தேவைக்குப் பொருந்தவில்லை, அவர்களை வேறு வேலையில் அமர்த்த முடியவில்லை என்று நிறுவனம் விளக்கம் தந்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் அங்கே இன்னொரு விதி வந்திருந்தது. ஒருவர் ஆண்டுக்குக் குறைந்தது 225 நாட்கள் கிளையண்ட்டுக்கு பில் போடக்கூடிய வேலையில் இருக்க வேண்டும். புராஜெக்ட் இல்லாமல் 'பெஞ்ச்'சில் இருப்பது ஆண்டுக்கு 35 நாட்களைத் தாண்டக் கூடாது.

அனுபவம் எப்படிச் சுமையாகிறது?

ஐ.டி. சேவை நிறுவனங்கள் ஒரு பிரமிடு மாதிரி. கீழே ஃபிரெஷர்கள் நிறைய. மேலே போகப் போக நாற்காலிகள் குறைவு. டீமில் எல்லாரும் லீட் ஆக முடியாது, எல்லா லீடும் மேனேஜர் ஆக முடியாது. எனவே 40 வயதை ஒட்டி ஒருவர் தேங்கி நிற்பதற்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணம் இல்லை. இடக் கணக்கும் ஒரு காரணம்.

இரண்டாவது, பில்லிங் கணக்கு. கிளையண்ட் பணம் கொடுப்பது வேலைக்குத்தான், சர்வீஸ் வருடத்துக்கு இல்லை. சம்பளம் வருடாவருடம் ஏறுகிறது. அதே வேலையை 5 வருட அனுபவம் உள்ளவர் செய்துவிடுவார் என்றால், இருவருக்கும் உள்ள சம்பள வித்தியாசம் நிறுவனத்தின் கண்ணை உறுத்த ஆரம்பிக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. ப்ரமோஷன் கிடைத்ததும் பலர் கோடிங், டெஸ்டிங், டிசைன் என்று கையால் செய்யும் வேலையை விட்டுவிடுகிறார்கள். ஸ்டேட்டஸ் மீட்டிங், எக்ஸெல் ஷீட், எஸ்கலேஷன் மெயில் என்று நாள் ஓடிவிடுகிறது. இதில் சேரும் அறிவு பெரும்பாலும் அந்த ஒரு கிளையண்ட், அந்த ஒரு நிறுவனத்தோடு ஒட்டியது. வெளியே இன்டர்வியூவுக்குப் போனால் "நீங்களே என்ன செஞ்சீங்க?" என்ற கேள்வி வருகிறது. அங்கேதான் சிக்கல். ரிப்போர்ட் தொகுப்பது, மீட்டிங் குறிப்பு எழுதுவது போன்றவற்றை ஏ.ஐ. கருவிகளும் இப்போது செய்கின்றன.

சலிப்பு வருவது சோம்பேறித்தனமா?

இல்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் பிளாஞ்ச்ஃபிளவரும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பல நாடுகளில் மனநிறைவு இளமையில் உயர்ந்து, நடுவயதில் அடிமட்டத்துக்கு வந்து, பிறகு மீண்டும் ஏறுவதைக் காட்டினார்கள். இளைஞர்களின் மனநலம் சரிவதால் இந்த வடிவம் மாறிவருகிறது என்று பிளாஞ்ச்ஃபிளவரே பின்னாளில் எழுதினார். ஆனால் நடுவயதுச் சலிப்பு ஒருவருக்கு மட்டும் வரும் குறை இல்லை என்பது மாறவில்லை.

ஹானஸ் ஷ்வான்ட் என்ற பொருளாதார அறிஞர் ஜெர்மனி தரவுகளை வைத்து ஒரு காரணம் சொன்னார். இளம் வயதில் எதிர்காலத்தைப் பற்றி அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம். அது நடக்காத ஏமாற்றம் நடுவயதில் வந்து சேர்கிறது. '40-க்குள் வைஸ் பிரசிடென்ட்' என்று கணக்குப் போட்டவருக்கு, நல்ல வேலையில் இருந்தாலும் தோற்ற மாதிரி தோன்றுவது இதனால்தான்.

ப்ரமோஷன் இல்லாமல் வளர முடியுமா?

முடியும். ஆனால் வளர்ச்சியை டெசிக்னேஷனால் அளப்பதை நிறுத்த வேண்டும். கடந்த 6 மாதத்தில் கையால் செய்து முடித்த 3 வேலைகளை, நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் ரெஸ்யூமேயில் எழுத முடிகிறதா? முடிந்தால் நல்லது. முடியவில்லை என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆய்வாளர்கள் ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-ல் எழுதிய கட்டுரை இதற்கு உதவும். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர் நோயாளிகளிடம் பேசி, தங்களையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகப் பார்த்தார்கள். பதவியும் சம்பளமும் மாறவில்லை. வேலையைத் தாங்களே கொஞ்சம் மாற்றி அமைத்துக்கொண்டார்கள். ஐ.டி. மேனேஜரும் இதைச் செய்யலாம். வாரத்தில் சில மணி நேரம் கோட் ரிவ்யூ, ஒரு சின்ன மாட்யூலைத் தானே எழுதுவது, ஜூனியர்களுக்குக் கற்றுத்தருவது, வங்கி, காப்பீடு, மருத்துவம் என்று தான் வேலை பார்த்த துறையின் விதிகளை ஆழமாகப் படிப்பது என வழிகள் உண்டு.

எங்கே படிப்பது?

ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் சேர ஜே.இ.இ. தேர்வு கட்டாயமில்லை, வயது வரம்பும் கிடையாது. ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. படித்ததை இப்போதைய புராஜெக்ட்டில் எங்காவது பயன்படுத்தினால்தான் அது அனுபவமாக மாறும்.

வேலை போனால் சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், சர்வீஸில் ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி சம்பளமும் தர வேண்டும். மறுதிறன் நிதிக்கும் நிறுவனம் 15 நாள் சம்பளம் செலுத்த வேண்டும்.

ஆனால் நிர்வாகப் பணியில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் 'தொழிலாளர்' வரையறைக்குள் வர மாட்டார்கள். இதில் பதவிப் பெயரைவிட, உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருவது. எனவே 'மேனேஜர்' என்ற பெயர் இருந்தாலும் தொழில்நுட்ப வேலை செய்பவர், "ராஜினாமா எழுதிக் கொடுங்க" என்றதும் உடனே கையெழுத்துப் போடாமல் வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது. தானாக ராஜினாமா செய்தால் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்பது கடினம்.

இப்போதே செய்ய வேண்டியது

குறைந்தது 6 மாத வீட்டுச் செலவும் இ.எம்.ஐ.யும் தனியாக இருக்கட்டும். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால் குடும்பத்துக்குத் தனி பாலிசி தேவை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். வேலை போன பிறகு எடுத்தால் அந்தக் காலமும் அப்போதுதான் தொடங்கும்.

கையில் 6 மாதச் செலவுக்குப் பணம் இருப்பவரால்தான் வந்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்ளாமல் தனக்குப் பொருந்தும் வேலைக்காகக் காத்திருக்க முடியும். படிப்பு, சேமிப்பு, காப்பீடு மூன்றுக்கும் ஏற்ற நேரம், சம்பளம் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் இந்த நேரம்தான்.