தெற்கே இரவில் பறக்கும் மீட்புப் பிரிவு எப்போது?

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே இல்லை. வெள்ளம் அரித்துப் போட்டிருந்தது. ரயிலில் சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மற்றவர்களுக்கு ரயில் பெட்டியும் நிலைய மேடையும்தான் கதி. அதே நேரத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்திருந்தது.

சூலூரிலிருந்து வந்த விமானப்படை ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களை இறக்கியபோது தேதி 19 ஆகியிருந்தது. ஒரு கர்ப்பிணியையும் ஒன்றரை வயதுக் குழந்தையையும் ஹெலிகாப்டரில் ஏற்றிப் பத்திரமாகக் கொண்டுபோனார்கள். உச்சிப்புளியில் உள்ள ஐஎன்எஸ் பருந்து தளத்திலிருந்து கடற்படை ஹெலிகாப்டர்களும் பறந்தன. கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வந்து ஆட்களை மீட்டார்கள். யாருடைய துணிச்சலிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் 17ஆம் தேதி இரவும் 18ஆம் தேதி இரவும் தென் மாவட்டங்களின் வானம் காலியாகக் கிடந்தது ஏன் என்ற கேள்விக்கு இன்னும் பதில் தேவைப்படுகிறது.

இருட்டில், விளக்கில்லாத இடத்தில் இறங்கி ஆட்களை ஏற்றிவரத் தெரியாத விமானப்படை அல்ல நம்முடையது. 2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, தலைநகர் கார்ட்டூமுக்கு வடக்கே உள்ள வாடி சயீத்னா என்ற ஓடுதளத்தில் விமானப்படையின் சி-130ஜே நள்ளிரவில் இறங்கியது. ஓடுதளம் பழுதடைந்திருந்தது. விளக்கில்லை, வழிகாட்டும் கருவியில்லை, எரிபொருளும் கிடையாது. விமானிகள் இரவுப் பார்வைக் கண்ணாடி அணிந்து, அகச்சிவப்புக் கேமரா காட்டிய படத்தைப் பார்த்து விமானத்தை இறக்கினார்கள். என்ஜினை நிறுத்தாமலே 121 பேரை ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். சிறப்பு நடவடிக்கைகளுக்கென்று வாங்கிய விமானம் அது. எதிரியின் நிலத்தில் கமாண்டோக்களை இறக்குவதற்காகப் பழகிய வித்தை, சாதாரணக் குடிமக்களின் உயிரைக் காத்தது. கார்ட்டூமுக்குப் போன திறமை தாமிரபரணிக் கரைக்கும் வந்தாக வேண்டும்.

நவீனமயம் என்றதும் அரசு காட்டுவது கொள்முதல் பட்டியலைத்தான். பட்டியல் சிறியதல்ல. பழைய ஆவ்ரோ விமானங்களுக்குப் பதிலாக 56 சி-295 விமானங்கள் வாங்க 2021இல் ஒப்பந்தமானது. மதிப்பு சுமார் 21,935 கோடி ரூபாய். அவற்றில் 40 விமானங்கள் வதோதராவில் தயாராகின்றன. இது பாராட்ட வேண்டிய முயற்சி. 1980களில் வந்த ஏஎன்-32 விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனுடன் 2009இல் போட்ட ஒப்பந்தமோ, அங்கே 2014இல் தொடங்கிய மோதலில் சிக்கித் தடுமாறியது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 ஒன்று 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. அதன் சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பதை, பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கி ஊர்தி படமெடுத்தது. 2024 ஜனவரியில்தான் அந்தச் செய்தி வெளியானது. ஏழரை ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. பறக்கும்போதும் விழுந்த பின்னும் விமானம் தன் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டும். நவீனமயத்தின் முதல் பாடம் அதுதான்.

ஆனால் மீட்பில் உயிர் ஊசலாடும் இடம் விமானத்துக்கு வெளியே, ஆளைத் தூக்கும் விஞ்ச்சிலிருந்து தொங்கும் கம்பிவடத்தின் முனையில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் தேவ்கர் அருகே திரிகூட மலை ரோப் கார்கள் நடுவானில் நின்றுபோயின. எம்ஐ-17 ஹெலிகாப்டரிலிருந்து விமானப்படையின் கருட் கமாண்டோக்கள் கயிற்றில் இறங்கி ஒவ்வொருவராக மீட்டார்கள். பொழுது சாய்ந்ததும் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. மீதிப் பேர் இன்னொரு இரவையும் அந்தரத்தில் கழித்தார்கள். மேலே இழுக்கப்பட்ட ஒருவர் ஹெலிகாப்டரின் வாசல்வரை வந்துவிட்டு, கைநழுவிப் பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தார்.

கம்பிவடத்தில் ஆளைத் தூக்கும் முறையைச் சற்று விளக்க வேண்டும். வடத்தின் நுனியில் பட்டையாலான ஒரு வளையம் இருக்கும். அதைத் தலைவழியாக மாட்டி, இரண்டு அக்குளுக்கும் கீழே கொண்டுவந்து, கைகளை உடம்போடு ஒட்டி இறுக்கிக்கொள்ள வேண்டும். கையை மேலே தூக்கினால் உடம்பு வளையத்திலிருந்து நழுவும். தலைக்கு மேலே விசிறி கிளப்பும் காற்று ஆளையே சுழற்றும். திடகாத்திரமான ஆளுக்கே இது சோதனை.

இனி ஆய்க்குடியை நினைத்துப் பாருங்கள். தென்காசி மாவட்டத்தில், அனுமன் நதிக் கரையில், முருகன் கோயிலுக்கும் படிப் பாயசத்துக்கும் பேர்பெற்ற ஊர். இங்கேதான் அமர் சேவா சங்கம் இருக்கிறது. ஆய்க்குடிக்காரரான எஸ். ராமகிருஷ்ணன் 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். ராணுவ மருத்துவமனையில் தன்னைக் கவனித்துத் தேற்றிய ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே, 1981இல் ஊர் திரும்பித் தொடங்கிய சங்கத்துக்கு வைத்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களும் தசைச்சிதைவு நோயாளிகளும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளும் நம்பி வரும் இடம் இது. கையை உடம்போடு ஒட்டிப் பிடி என்று இவர்களிடம் சொல்ல முடியாது. இவர்களுக்குக் கழுத்தும் முதுகும் அசையாமல் படுக்கவைத்துத் தூக்கும் ஸ்ட்ரெச்சர் வேண்டும். அது சுழலாமல் தரையிலிருந்து பிடித்துக்கொள்ளத் தனிக் கயிறு வேண்டும். கூடவே ஏறிவர மருத்துவம் தெரிந்த வீரர் வேண்டும். ஒரு விமானத்தின் விலையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் அற்பத் தொகை. கண்ணைக் கவராத இந்தச் சாமான்கள்தான் எந்தப் பட்டியலிலும் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகின்றன.

இருட்டில் வந்து சேர்வதே இந்தப் பகுதியில் லேசான காரியமில்லை. சூலூரிலிருந்து ஆய்க்குடி நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர். நடுவே ஆனைமலை, பழனிமலை, மேகமலை. பருவமழைக் காலத்தில் அந்த மலைகளை மேகம் மூடியிருக்கும். சமவெளி வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றை நம்பி, ஆய்க்குடி, கடையநல்லூர், சுரண்டை வட்டாரம் எங்கும் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றை இணைக்கும் உயரழுத்த மின்கம்பிகள் வயல்களுக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. மின்சாரம் போன மழை இரவில் தாழப் பறக்கும் விமானிக்கு மின்கம்பியே முதல் எதிரி. இரவுப் பார்வைக் கண்ணாடிக்கும் கொஞ்சம் வெளிச்சம் தேவை. அடைமழையில் அதன் பார்வையும் மங்கிவிடும். அகச்சிவப்புக் கேமரா, வானிலை ரேடார், ஒவ்வொரு காற்றாலையும் கோபுரமும் குறிக்கப்பட்ட டிஜிட்டல் வரைபடம், இவை மூன்றும் சேர்ந்தால்தான் இங்கே இரவுப் பறத்தல் சாத்தியம். வரைபடத்துக்கான விவரங்கள் மின்வாரியத்திடமும் காற்றாலை நிறுவனங்களிடமும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்றாகத் திரட்டி விமானப்படையிடம் கொடுப்பதற்கு எந்த வெளிநாட்டு ஒப்பந்தமும் தேவையில்லை.

இருட்டு என்ன விலை கேட்கும் என்பது 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் தெரிந்தது. காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரை மீட்க ஹெலிகாப்டர்கள் அனுப்பப்பட்டன, அதற்குள் இருட்டிவிட்டது. தீக்காயம் பட்டவர்களை உள்ளூர் மக்கள்தான் மலையிலிருந்து தூக்கி வந்தார்கள். அந்தத் தீ கடைசியில் 23 உயிர்களைக் குடித்தது.

போருக்குத் தயாராவதே ராணுவத்தின் வேலை, வெள்ளத்துக்கும் தீக்கும் மாநில அரசு ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று ஒரு வாதம் உண்டு. அது பொருந்தாது. எல்லைக்கு அப்பால் விழுந்த விமானியை இரவில் தேடி எடுப்பதற்கும், கூரைமேல் நிற்கும் குடும்பத்தை இரவில் தூக்குவதற்கும் வேண்டிய கருவிகளும் பயிற்சியும் பெரும்பாலும் ஒன்றே. அமெரிக்க விமானப்படை இதற்கென்றே தனிப் பிரிவுகளை வைத்திருக்கிறது. எச்சி-130ஜே நடுவானில் ஹெலிகாப்டருக்கு எரிபொருள் ஊட்டும், மீட்பு வீரர்களைப் பாராசூட்டில் இறக்கும். எச்எச்-60 ஹெலிகாப்டர் கீழே போய் ஆளைத் தூக்கும். இரண்டும் சேர்ந்தே பயிற்சி எடுக்கின்றன. நம் எம்ஐ-17 ஒரு நாள் சரக்கு ஏற்றும், மறுநாள் வீரர்களை ஏற்றும், அதற்கடுத்த நாள் தலைவர்களை ஏற்றும். வெள்ளம் வந்தால் அதுவே மீட்புக்கும் போகும். துருவ் ஹெலிகாப்டர் ரகத்தை மட்டும் நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து நொறுங்கியதும், முப்படைகளிலும் அந்த ரகம் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டது. அந்த மாதங்களில் தெற்கே இன்னொரு ஸ்ரீவைகுண்டம் நேர்ந்திருந்தால் கைவசம் இருந்த ஹெலிகாப்டர்கள் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

எனவே கேட்க வேண்டியது இதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலாவது, இரவில் விஞ்ச் இயக்கப் பழகிய ஒரு மீட்புப் பிரிவைத் தென் மாவட்டங்களிலேயே நிறுத்த வேண்டும். தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுதளம் 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பக்கம் வெள்ளம் சூழ்ந்தால் மதுரை இருக்கிறது. வதோதராவிலிருந்து வரும் சி-295களில் சிலவற்றை அகச்சிவப்புக் கேமராவோடு தேடுதல் பணிக்கென ஒதுக்கிச் சூலூரில் வைக்கலாம். தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் பாதுகாப்புத் துறையிடம் இதை எழுப்ப வேண்டும்.

தென்காசி மாவட்ட நிர்வாகம் டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. படுக்கையில் இருப்பவர்கள், சுவாசக் கருவியில் இருப்பவர்கள், சக்கர நாற்காலி இல்லாமல் நகர முடியாதவர்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அமர் சேவா சங்கத்தின் துணையோடு ஊர்வாரியாகத் தயாரிக்கலாம். மின்கம்பி குறுக்கிடாத மைதானங்களை இப்போதே தேர்ந்து குறித்துவைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் விமானப்படையை அழைத்து, ஆய்க்குடியில் ஒரு ஸ்ட்ரெச்சர் மீட்பு ஒத்திகையைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் நடத்தச் சொல்லி ஆட்சியர் அலுவலகம் இந்த வாரமே கடிதம் அனுப்பலாம்.