“போர்டு போய்விட்டது” என்றால் நம்பிவிடுவதா?

மில் தொழிலாளி வீடுகளிலும் இன்று சலவை யந்திரம் வந்திருக்கிறது. பெரும்பாலும் மாதத் தவணையில். பெண்களின் இடுப்பை ஒடிக்கும் வேலையை அது குறைத்திருக்கிறது. அதை ஆடம்பரம் என்று ஏளனம் செய்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த யந்திரம் பழுதானதும் நடக்கிற பகற்கொள்ளையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

முன்பக்கம் கதவுள்ள யந்திரத்தில் தண்ணீரைச் சுட வைக்க ஹீட்டர் உண்டு. எண்ணெய்க் கறை படிந்த சட்டை பச்சைத் தண்ணீரில் லேசில் வெளுக்காது. ஒருநாள் தண்ணீர் சுடவில்லை. கம்பெனிக்குச் சொல்கிறோம். ஆள் வருகிறார், பார்க்கிறார். “போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார். பல ஆயிரம் ரூபாய். புது யந்திரமே வாங்கிவிடுங்கள் என்று யோசனை வேறு!

வந்தவர் மீது நமக்குக் கோபமில்லை. அவரும் கூலிக்கு உழைப்பவர்தான். பழுதைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் கொடுக்காமல், பெட்டியைக் கழற்றிப் பெட்டியை மாட்டச் சொல்லி அனுப்புகிற முதலாளி மீதுதான் நம் கேள்வி.

உண்மையில் இந்தப் பழுது என்ன பெரிய மர்மம்? மில்லில் ஃபிட்டர் வேலை பார்க்கிற எந்தத் தோழரும் அரைமணி நேரத்தில் புரிந்துகொள்வார். ஹீட்டர் என்பது எஃகுக் குழாய்; உள்ளே நிக்ரோம் கம்பிச் சுருள்; சுற்றிலும் மின்சாரம் கசியாதபடி மக்னீசியம் ஆக்சைடு பொடி. 230 வோல்டில் 2000 வாட் ஹீட்டர் என்றால் ஏறத்தாழ 26 ஓம் தடை காட்ட வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இதில் விளையாட்டு கூடாது, உயிர் போகும். பிறகு ஹீட்டரின் ஒயர்களைக் கழற்றி அதன் இரு முனையிலும் மீட்டரை வைத்தால் போதும். மீட்டர் அசையவே இல்லையா, சுருள் அறுந்துவிட்டது. முனைக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே மீட்டர் தொடர்பு காட்டினால் எர்த் கசிவு; ஹீட்டரை மாற்றியே ஆக வேண்டும். ஹீட்டர் நன்றாயிருந்தால் அடுத்தது சென்சார். அதை வெந்நீரில் நனைத்தால் தடை இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அதுதான் குற்றவாளி. பிறகு ஒயர் முனைகள். ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் ஓடுகிற இடம். பிடி தளர்ந்தால் கருகிப் போகும். இத்தனையும் சரியாயிருந்தால்தான் போர்டின் மேல் சந்தேகம் வர வேண்டும். அப்போதும் பல சமயம் போர்டிலுள்ள ரிலே என்ற சிறு பொருள்தான் கெட்டிருக்கும். சால்டரிங் தெரிந்தவர் அதை மட்டும் மாற்றிவிடுவார்.

ஆக, கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிக் காசு பறிக்கிறார்கள்!

போர் தண்ணீர் ஊர்களில் இன்னொரு வினை. சுண்ணாம்பு ஹீட்டரில் கெட்டியாகப் படிகிறது. சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் ஹீட்டர் தன் சூட்டிலேயே வெந்து சாகிறது. இதை வாங்கும்போதே எத்தனை கடைக்காரர் சொல்கிறார்?

“எங்கள் குடிசையில் ஏது சலவை யந்திரம்?” என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வயலில் பம்புசெட் மோட்டார் எரிந்தால் என்ன செய்கிறோம்? பக்கத்து ஊர்ப் பட்டறையில் காயில் கட்டி மறுபடி ஓட வைக்கிறோம். எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டியதில்லை. அந்த வித்தை ஊருக்குப் பொதுவாக இருக்கிறது. வீட்டு யந்திரத்தில் அந்த வித்தையைப் பூட்டி வைக்கப் பார்க்கிறார்கள். நாளை பம்புசெட்டுக்கும் போர்டு வைத்துப் பூட்டினால் பட்டறைக்காரர் கதி என்ன, நம் கதி என்ன?

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் ஒரு விதி அமலில் உள்ளது. ஒரு மாடலின் கடைசி யந்திரம் சந்தைக்கு வந்தபின் குறைந்தது 10 ஆண்டு உதிரிப் பாகம் கொடுத்தாக வேண்டும். கேட்ட 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். அங்கேயும் முதலாளிகள் ஓட்டை வைக்காமல் விடவில்லை. கதவும் ரப்பரும் சோப்புப் பெட்டியும் யாரும் கேட்டு வாங்கலாம். ஹீட்டர், சென்சார், போர்டு தொழில்முறை மெக்கானிக்குகளுக்கு மட்டும்தான்.

நம் நாட்டில்? 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளம் திறந்தார்கள். கம்பெனிகள் மனமிருந்தால் விவரம் தரலாமாம். மனமில்லாவிட்டால்? கட்டாயப்படுத்தும் சட்டம் எங்கே?

நாம் கேட்பது இதுதான்: 10 ஆண்டுக்கு உதிரிப் பாகம், அதன் விலை யந்திரத்தோடு அச்சிட்டு. எந்தப் பட்டறைக்காரரும், யந்திரம் வாங்கிய எவரும் அந்தப் பாகத்தை வாங்கும் உரிமை. அமெரிக்காவில் விற்கும் சில யந்திரங்களின் கூட்டுக்குள் மின்சுற்றுப் படமும் சோதனை முறையும் அச்சிட்ட தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தாள் இங்கே விற்கும் ஒவ்வொரு யந்திரத்திலும், தமிழில், இருக்க வேண்டும்.